சீட்டும் சிலேட்டும்

தோழா,

1993-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் கால்காஸ்கா என்னும் சிற்றூர். அன்று பூட்டப்பட்ட பள்ளிக் கதவுகள் அந்தக் கல்வியாண்டு முழுதும் திறக்கவே இல்லை. ஆண்டு முடிய இரண்டு திங்களுக்கு மேல் இருக்கும்போதே, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைப் பார்த்து, “பணம் தீர்ந்தது, பாடம் முடிந்தது, வீட்டுக்குப் போங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளம் வந்து பள்ளியை விழுங்கியதா? இல்லை. கொள்ளைநோய் வந்து கொத்துக் கொத்தாய்ச் சாய்த்ததா? இல்லை. பகைவன் படையெடுத்து வந்து குண்டு வீசினானா? அதுவும் இல்லை. கொடுங்கோலன் எவனும் கட்டளை பிறப்பிக்கவில்லை. கோடரி எதுவும் கதவைப் பிளக்கவில்லை. பள்ளியைப் பூட்டியது ஒரு துண்டுத் தாள். ஆம், வாக்குச் சீட்டு! பள்ளியை நடத்தக் கூடுதல் சொத்து வரி தருகிறீர்களா என்று ஊரார் கேட்கப்பட்டார்கள், ‘இல்லை’ என்றார்கள். மறுபடியும் கேட்கப்பட்டார்கள், மறுபடியும் ‘இல்லை’. மூன்றாம் முறையும் ‘இல்லை’ என்றார்கள். சீட்டு வென்றது, சிலேட்டு தோற்றது.

வாக்குச் சீட்டை வணங்கத்தக்க பொருளாகக் கருதுகின்ற நமக்கு இந்தச் செய்தி வலிக்கத்தான் செய்யும். மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அந்தத் தீர்ப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் கழுத்தில் கயிறாக விழுந்தால் என்ன சொல்வது? மக்கள் தவறிவிட்டார்கள் என்பதா? மக்களாட்சியே தவறு என்பதா? இரண்டும் தவறான விடைகள். உண்மை விடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவோம், வா.

அந்த நாட்டின் அமைப்பை முதலில் அறிந்துகொள். அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்களோ அந்தப் பொறுப்பின் பெரும்பகுதியைப் பள்ளி வட்டாரங்கள் எனப்படும் சிறு ஆட்சிகளின் தோளில் இறக்கி வைத்தன. நாடு முழுதும் இன்று அப்படிப்பட்ட வட்டாரங்கள் ஏறத்தாழ 13,000. வட்டாரத்துக்கென ஒரு வாரியம். பெரும்பாலான இடங்களில் மக்களே தேர்ந்தெடுக்கும் வாரியம். பள்ளிச் செலவில் நடுவணரசு தருவது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. மீதியை மாநிலமும் வட்டாரமும் பகிர்ந்துகொள்கின்றன. வட்டாரத்தின் பங்கு பெரும்பாலும் வீட்டுக்கும் நிலத்துக்கும் விதிக்கும் சொத்து வரியிலிருந்து வருகிறது. அந்த வரியை உயர்த்தவோ, கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடவோ வேண்டுமானால், பல மாநிலங்களில் ஊராரின் வாக்கைக் கேட்டாக வேண்டும்.

இதன் வேர் மிக ஆழமானது, பெருமைக்குரியதுங்கூட. 1647-ஆம் ஆண்டிலேயே மாசச்சூசெட்ஸ் குடியேற்றம், ஐம்பது குடும்பங்கள் வாழும் ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தவேண்டும் என்று சட்டம் செய்தது. நூறு குடும்பங்கள் இருந்தால் இலக்கணப் பள்ளி ஒன்று வேண்டும் என்றது. 1837-இல் அதே மாசச்சூசெட்ஸின் கல்வி வாரியச் செயலாளராக வந்த ஹொரேஸ் மான், ஊருக்கெல்லாம் பொதுவான பள்ளி, ஊரார் பணத்தில் நடக்கும் பள்ளி என்ற கொள்கையை ஊர் ஊராகச் சென்று பரப்பினார். உயர்நிலைப் பள்ளிக்கும் வரி வாங்கலாமா என்று வழக்குத் தொடுத்தபோது, 1874-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. பிள்ளை இல்லாதவனும் பிறர் பிள்ளை படிக்க வரி கொடுப்பான்! எவ்வளவு உயர்ந்த எண்ணம்! ஊரே தாயாகி, ஊர்ப் பிள்ளைகளை மடியில் ஏந்துகின்ற ஏற்பாடு அது.

அப்படியானால் அந்த ஊர்த் தாய் ஏன் சில இடங்களில் பிள்ளையைக் கீழே போட்டாள்?

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஒரு சிறு காட்சியைக் கற்பனையாக உன் முன் வைக்கிறேன். இடம், வாக்குச் சாவடி வாயில். ஒருபுறம் இளந்தாய் ஒருத்தி. மறுபுறம் ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர்.

“ஐயா, பள்ளிக்காக ‘ஆம்’ என்று வாக்களியுங்கள்.”

“மகளே, நான் வாழும் வீட்டின் விலை ஏறியிருக்கிறது என்கிறார்கள். வீட்டை விற்றால்தானே அந்த விலை என் கைக்கு வரும்? விற்றுவிட்டால் நான் எங்கே வாழ்வது? வீட்டின் மதிப்பு ஏறியது. என் ஓய்வூதியம் ஏறவில்லை. வரி மட்டும் ஏறுகிறது.”

“என் பிள்ளை படிக்க வேண்டாமா?”

“படிக்கட்டும் அம்மா. ஆனால் அரசாங்கம் எத்தனையோ செலவு செய்கிறது. எதையாவது என்னைக் கேட்டுச் செய்கிறதா? போர்க்கப்பல் வாங்க என்னைக் கேட்கவில்லை. போர் தொடங்கவும் என்னைக் கேட்கவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ‘இல்லை’ என்று சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே இடம் இதுதான்!”

தோழா, அந்த முதியவரைக் கொடியவர் என்று சொல்ல உனக்கு மனம் வருமா? எனக்கு வரவில்லை. அவர் பள்ளியின் பகைவர் அல்லர். கசக்கிப் பிழியப்பட்ட எளியவர். அவர் நெஞ்சில் உள்ள சினம் அனைத்துக்கும் வடிகாலாக அமைந்தது பள்ளி ஒன்றே. போர்க்கப்பலுக்கு வாக்கெடுப்பு இல்லை, கரும்பலகைக்கு உண்டு! பீரங்கி கேட்காமலே பெறுகிறது. பிள்ளை கையேந்தி நிற்கிறான். அந்தப் பிள்ளைக்கோ வாக்கும் இல்லை. எவனுடைய எதிர்காலம் எண்ணப்படுகிறதோ, அவனுடைய விரல் மட்டும் அந்தச் சாவடியில் இல்லை.

ஆகவே ‘ஆம்’ என்றவர் நல்லவர், ‘இல்லை’ என்றவர் கெட்டவர் என்று பிரித்துவிட்டுப் போவது எளிது, பயனற்றது. வாக்கு விழுவதற்கு முன்பே முடிவு செய்யப்பட்டுவிடுகின்ற மூன்று செய்திகள் உண்டு. யாரைச் சுற்றிக் கோடு கிழிக்கிறார்கள்? எத்தனை வாக்குப் பெற்றால் வெற்றி என்கிறார்கள்? என்ன கேள்வி கேட்கிறார்கள்? எல்லை, எண்ணிக்கை, கேள்வி, இந்த மூன்றையும் பார்க்காமல் பெட்டியை மட்டும் பார்ப்பவன், விளைச்சலைப் பார்த்துவிட்டு வயலைப் பார்க்காதவன்.

முதலில் எல்லை.

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோணியோ நகருக்கு வா. ஒரே நகர்ப்பகுதி, பல பள்ளி வட்டாரங்கள். எட்ஜ்வுட் ஒரு வட்டாரம். மெக்சிகோ வழிவந்த உழைப்பாளர் குடும்பங்கள் அங்கே பத்தில் ஒன்பது. ஆலமோ ஹைட்ஸ் இன்னொரு வட்டாரம். வளமனைகள் நிறைந்த இடம். 1967-68-ஆம் கல்வியாண்டின் கணக்கு நீதிமன்ற ஏட்டிலேயே பதிந்திருக்கிறது. நான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன். ஆனாலும் இந்தக் கணக்குக்குப் பட்டம் வேண்டியதில்லை, பார்.

மாணவன் ஒருவனுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், எட்ஜ்வுட்டில் வரிக்குரிய சொத்தின் மதிப்பு 5,960 டாலர். ஆலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கு மேல். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி கொடுத்தார்கள். ஆலமோ ஹைட்ஸ் மக்கள் கொடுத்ததோ 85 சென்ட் மட்டும். ஏழை கூடுதலாகக் கொடுத்தான். செல்வன் குறைவாகக் கொடுத்தான். விளைந்தது என்ன? வட்டாரம் தன் வரியால் கூடுதலாகத் திரட்டியது, எட்ஜ்வுட்டில் மாணவனுக்கு 26 டாலர். ஆலமோ ஹைட்ஸில் 333 டாலர்! மாநில உதவியும் நடுவணரசின் உதவியும் சேர்ந்த பிறகும் எட்ஜ்வுட் மாணவனுக்கு 356 டாலர்; ஆலமோ ஹைட்ஸ் மாணவனுக்கு 594 டாலர்.

‘அவர்கள் கல்வியில் அக்கறை இல்லாதவர்கள், அதனால்தான் பின்தங்கினார்கள்’ என்று ஏழையைப் பற்றி எளிதாகப் பேசும் நாவுகள் எங்கும் உண்டு. அந்த நாவுகளுக்கு இந்தக் கணக்கைக் காட்டு. அக்கறை இருந்தது, அதிக வரியும் இருந்தது, இல்லாதது சொத்து மட்டுமே. அந்த மாவட்டத்திலேயே மிகுதியாகத் திரட்டும் வட்டாரத்தோடு சமமாக வேண்டுமானால் எட்ஜ்வுட் 100 டாலருக்கு 5.76 டாலர் வரி போட்டிருக்க வேண்டும். சட்டம் அனுமதித்த உச்ச வரம்போ 1.50 டாலர். எட்ஜ்வுட்டில் இருந்த ஒவ்வொருவரும் ‘ஆம், ஆம்’ என்று வாக்களித்து வாக்குப் பெட்டியை நிரப்பியிருந்தாலும் அந்த இடைவெளி அடைபட்டிருக்காது! வேலியைப் போட்டவன் வேலிக்குள் எவ்வளவு விளையும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிட்டான்.

பொறுத்துப் பார்த்த மாணவர்கள் 1968 மே 16-ஆம் நாள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். தகுதி பெற்ற ஆசிரியர் வேண்டும், தகுதியான கட்டடம் வேண்டும் என்று கேட்டு நடந்தார்கள். தெமெத்ரியோ ரோட்ரிகஸ் என்னும் உலோகத் தகட்டுத் தொழிலாளி, தம்மைப்போன்ற பெற்றோருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். கீழமைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வெற்றி கிட்டியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1973 மார்ச் 21-இல் தீர்ப்பு வந்தது. ஐவர் எதிர்த்தனர், நால்வர் ஆதரித்தனர். ஒரே ஒரு நீதிபதியின் கருத்து வேறுபாட்டால் ரோட்ரிகஸ் தோற்றார். கல்வி அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமைகளுள் ஒன்றன்று என்று பெரும்பான்மைத் தீர்ப்பு உரைத்தது. அதை எதிர்த்து நீண்ட மறுப்புரை எழுதியவர் யார் தெரியுமா? தர்குட் மார்ஷல். 1954-இல் நிறத்தின் பெயரால் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்ற தீர்ப்பைப் பெற்றுத் தந்த வழக்கறிஞர் அவர். தோலின் நிறத்தால் கிழித்த கோட்டை அழித்தவர், சொத்தின் மதிப்பால் கிழித்த கோடு நிலைப்பதைக் கண் முன்னே கண்டார்.

அடுத்தது எண்ணிக்கை.

கலிபோர்னியா மாநிலத்திலும் இதே கதை. 1968-69-இல் பால்ட்வின் பார்க் என்னும் எளியோர் வட்டாரம் 100 டாலருக்கு 5.48 டாலர் வரி கொடுத்து, மாணவனுக்கு 577 டாலர் செலவிட்டது. திரை நடிகர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸ் 2.38 டாலர் மட்டுமே வரி கொடுத்து, 1,232 டாலர் செலவிட்டது. 1971-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், பிள்ளையின் கல்வி அவன் பெற்றோர், அண்டை அயலார் ஆகியோரின் செல்வத்தைப் பொறுத்து அமையக்கூடாது என்று செராநோ வழக்கில் நெஞ்சாரச் சொன்னது.

ஆனால் 1978 சூன் 6-ஆம் நாள் அந்த மாநில மக்கள் முன் வேறொரு வாக்கெடுப்பு வந்தது. பதின்மூன்றாம் முன்மொழிவு என்று அதற்குப் பெயர். சொத்து வரி மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. சொத்து கைமாறும் வரை மதிப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஏறக்கூடாது. வட்டாரம் தனி வரி போட வேண்டுமானால் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். வரிச் சுமையால் வீட்டை இழக்க அஞ்சிய முதியோர் நம்பிக்கையோடு வாக்களித்தனர். அவர்கள் அச்சம் உண்மையானது. ஆனால் அவர்களுடைய சிறு வீட்டுக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு, பெரு வணிக நிறுவனங்களின் கட்டடங்களுக்கும் கிடைத்தது. முதியவரின் குடை நிழலில் முதலாளியும் நின்றுகொண்டான்!

மூன்றில் இரண்டு பங்கு என்றால் என்ன பொருள்? நூறு பேர் வாக்களிக்கிறார்கள். அறுபத்தாறு பேர் ‘பள்ளிக்குக் கொடு’ என்கிறார்கள். முப்பத்து நான்கு பேர் ‘கொடாதே’ என்கிறார்கள். வென்றவர் யார்? முப்பத்து நால்வர்! ஓர் ‘இல்லை’ இரண்டு ‘ஆம்’களை எதிர்த்து நிறுத்திவிடும். ஒருவனுக்கு ஒரு வாக்கு என்ற உயிர்க் கொள்கை இங்கே ‘இல்லை’ என்பவனுக்கு இரண்டு வாக்கு என்று மாறி நிற்கிறது. இதைவிட வேடிக்கை ஒன்று கேள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று விதித்த அந்தப் பதின்மூன்றாம் முன்மொழிவு, தானே மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெறவில்லை! பாதிக்கு மேல் போதும் என்ற விதியில் உள்ளே நுழைந்து, தனக்குப் பின் வருபவருக்கு வாயிலைக் குறுக்கிவிட்டது.

பள்ளிக் கட்டடக் கடன் பத்திரத்துக்கோ மூன்றில் இரண்டு பங்கு என்ற விதி அதற்கும் பழையது. 2000 மார்ச்சில், அதற்குப் பெரும்பான்மை போதும் என்று மாற்றுகின்ற முயற்சி வாக்கெடுப்பில் தோற்றது. ஆர்வலர் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டு நவம்பரில், நூற்றுக்கு 55 என்று கேட்டு வந்தார்கள்; வென்றார்கள். எண்ணிக்கை விதி வானத்திலிருந்து இறங்கியதன்று. மனிதர் எழுதியது, மனிதரால் மாற்றத்தக்கது என்பதற்கு அது சான்று.

மூன்றாவது கேள்வி. இங்கேதான் மீண்டும் மிச்சிகனுக்கு வருகிறோம்.

கால்காஸ்காவின் பூட்டு அந்த மாநிலத்தையே உலுக்கியது. 1993 சூலையில் சட்டமன்றம் துணிந்து ஒரு செயலைச் செய்தது. பள்ளிகளை நடத்தச் சொத்து வரி வாங்குவதையே நீக்கியது. மாற்று வழி என்ன என்று சொல்லாமலே நீக்கியது! இருந்த பாலத்தை இடித்துவிட்டுத்தான் புதுப் பாலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பேசி முடித்து, 1994 மார்ச் 15-இல், கால்காஸ்கா பூட்டப்பட்டு ஓராண்டு நிறைவதற்கு ஒன்பது நாள் முன்பு, மாநில மக்கள் அனைவரையும் கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்பதைக் கவனி. ‘பள்ளிக்குப் பணம் தருகிறாயா, இல்லையா?’ என்று கேட்கவில்லை. ‘விற்பனை வரியை நூற்றுக்கு 4-லிருந்து 6-ஆக உயர்த்தித் தருகிறாயா?’ என்று கேட்டார்கள். ‘இல்லை’ என்றால் வருமான வரி நூற்றுக்கு 4.6-லிருந்து 6-ஆக உயரும் என்று சட்டம் முன்பே செய்து வைத்திருந்தார்கள். ‘ஆம்’ என்றாலும் பள்ளி திறந்திருக்கும். ‘இல்லை’ என்றாலும் பள்ளி திறந்திருக்கும்!

மக்கள் பத்தில் ஏழு பங்கை நெருங்கும் வாக்கால் ‘ஆம்’ என்றார்கள். மூன்று முறை ‘இல்லை’ என்ற ஊரைத் தன்னுள் கொண்ட அதே மாநிலம்! அவர்களுடைய இதயம் ஓராண்டில் மாறிவிட்டதா? மாறியது இதயம் அன்று, கேள்வி. ஊரைச் சுற்றிய கோடு மாநிலத்தைச் சுற்றிய கோடாக விரிந்தது. பிள்ளையின் படிப்பு பேரத்தின் பொருளாக இருந்தது; அது பேரத்துக்கு அப்பாற்பட்ட உறுதியாக உயர்ந்தது. எந்த வழியில் கொடுப்பது என்பது மட்டுமே மக்கள் முன் வைக்கப்பட்டது.

குறை இல்லாத ஏற்பாடா அது? இல்லை. விற்பனை வரி ஏழையின் தோளில் கூடுதலாக அழுத்தும். கட்டடச் செலவுக்கு வட்டார வாக்கெடுப்பே அங்கே தொடர்ந்தது. மாநிலம் முழுவதையும் கேட்டாலே நியாயம் பிறந்துவிடும் என்றும் எண்ணிவிடாதே. எட்ஜ்வுட் வட்டாரம் மீண்டும் வழக்காடி, 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனதான வெற்றி பெற்றது. அதன்பின், வளமுள்ள வட்டாரத்தின் பள்ளி வரியைப் பகிர்ந்தளிக்க இடந்தரும் திருத்தம் 1993 மே முதல் நாள் டெக்சாஸ் மக்கள் முன் வந்தபோது, அதைப் பெரும்பான்மையோர் தள்ளிவிட்டார்கள். பிறகு அந்தத் திங்களிலேயே சட்டமன்றம் தன் பொறுப்பை உணர்ந்து, வளமுள்ள வட்டாரத்தின் மிகுதியை வறிய வட்டாரத்துக்குத் திருப்பும் வேறொரு சட்டத்தைச் செய்தது. செல்வரிடம் எடுத்து எளியோர்க்குக் கொடுத்த கதை வீரன் இராபின் ஹூட்டின் பெயரை அதற்கு மக்கள் சூட்டினார்கள். 1995-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் வெயிலில் நடந்த மாணவர் கூட்டத்தின் காலடி ஓசை, சட்டப் புத்தகத்தில் எழுத்தாக மாறிற்று.

இவற்றையெல்லாம் உனக்கு ஏன் சொல்கிறேன், தோழா? வாக்குச் சாவடி வாயிலில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நின்றவன் நீ. சீட்டின் மதிப்பு உனக்குத் தெரியும். அதனால்தான் அதன் வரம்பும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த நாட்டிலும், எந்த வாக்கெடுப்பிலும், ‘மக்களே முடிவு செய்துவிட்டார்கள்’ என்று எவரேனும் கைகழுவும்போது, மூன்று வினாக்களை எழுப்பு. கோட்டைக் கிழித்தவர் யார்? எண்ணிக்கையை விதித்தவர் யார்? கேள்வியை எழுதியவர் யார்? இந்த மூன்றுக்கும் விடை கேட்பது மக்கள் தீர்ப்பை அவமதிப்பது ஆகாது. மக்கள் தீர்ப்பு மக்களுடையதாகவே இருக்கக் காவல் நிற்பது ஆகும்.

இன்னொன்றையும் நெஞ்சில் எழுதிக்கொள். சில கேள்விகள் ஊராரிடம் கேட்கத்தக்கவை. எந்தத் தெருவில் விளக்கு வைப்பது, எந்த வழியில் பணம் திரட்டுவது, யாரை வாரியத்தில் அமர்த்துவது என்று தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை படிக்கலாமா, கூடாதா என்பது எந்தப் பெட்டியிலும் போட்டு எண்ணத்தக்க கேள்வி அன்று. அதற்கு விடை பிள்ளை பிறந்தபோதே எழுதப்பட்டுவிட்டது. அந்த விடையை நிறைவேற்றத்தான் அரசு. அரசை நிறைவேற்ற வைக்கத்தான் சீட்டு.

சிலேட்டைக் காக்கப் பிறந்தது சீட்டு. அது சிலேட்டை உடைக்கும் கல்லாக எங்கே மாறினாலும், கல்லைக் குறை கூறி நின்றுவிடாதே. எறிந்த கையைப் பார். எறியச் சொன்ன வாயைப் பார். பார்த்ததை ஊரறியச் சொல்!